எலும்புகளிடம் பாடம் கேட்ட பேரறிஞர் அப்துல் லத்தீஃப் அல்-பக்தாதி

இப்னு ஸீனா, அர்ராஸீ, அல்பீரூனி, இப்னுல் ஹைதம் ஆகிய மேதைகளின் பெயர்கள் நம் ஜமாஅத்தாருக்குப் புதியவை அல்ல. மலர்களிலும் மேடைகளிலும் அவர்களைப் பற்றிப் பலமுறை கேட்டிருக்கிறோம். அந்த வரிசையில் வைத்துப் பேசத் தக்க அப்துல் லத்தீஃப் அல்-பக்தாதி அவர்களின் பெயரோ நம்மிடையே அரிதாகவே ஒலிக்கிறது. அரபு மருத்துவ வரலாற்றைக் கற்போர் அனைவரும் அறிந்த இவர், நம் பிள்ளைகளின் பாடநூல்களில் இடம்பெறவில்லை. மனித உடலின் எலும்புக்கூட்டை நேரில் ஆராய்ந்து, ஆயிரம் ஆண்டுகளாக எவரும் மறுக்கத் துணியாத ஒரு கருத்தை மறுத்த இப்பெருமகனாரின் வாழ்வை, மக்தபில் ஓதும் சிறுவர் சிறுமியருக்கும் விளங்கும் வகையில் இங்கே எழுத விழைகிறோம். பெற்றோர் வாசித்துக் காட்டினாலும் நன்று.

முவஃப்பகுத்தீன் அப்துல் லத்தீஃப் இப்னு யூசுஃப் அவர்கள் ஹிஜ்ரி 557இல், அதாவது கி.பி. 1162இல், பக்தாத் மாநகரில் தம் பாட்டனாரின் இல்லத்தில் பிறந்தார்கள். குடும்பத்தின் பூர்விகம் மோஸுல். தந்தையார் மார்க்கக் கல்வியில் தேர்ந்தவர். அறிஞர்களோடு நெருங்கிப் பழகியவர். ஆகவே மகனின் இளமை முழுவதும் ஹதீஸ் மஜ்லிஸ்களிலேயே கழிந்தது. விளையாட்டு என்பதையே தாம் அறியாது வளர்ந்ததாக அவர் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். நம் பிள்ளைகளுக்கு இதை நாம் பரிந்துரைக்கவில்லை. ஓடி ஆடும் பிள்ளையின் எலும்பே உறுதிப்படும் என்பது இன்று மருத்துவர்கள் ஒருமுகமாகச் சொல்வது.

அவருடைய கல்வியின் தொடக்கத்தில் நிகழ்ந்த ஒரு சம்பவம் குறிப்பிடத் தக்கது. சிறுவனாக இருந்த அவரைத் தந்தையார் அழைத்துச் சென்று, பக்தாதின் புகழ்பெற்ற இலக்கண ஆசான் கமாலுத்தீன் அல்-அன்பாரி அவர்களிடம் ஒப்படைத்தார். ஆசான் ஒரு நூலின் முன்னுரைக்கு விளக்கம் சொல்லத் தொடங்கினார். மடை திறந்த வெள்ளமெனப் பேசினார். சுற்றியிருந்த மாணவர்கள் வியந்து மகிழ்ந்தனர். சிறுவனுக்கோ ஒரு சொல்லும் விளங்கவில்லை. இதை உணர்ந்த ஆசான், சிறுவர்களுக்குக் கற்பிப்பது தம்மால் ஆகாது என்று கூறி, தம் மாணாக்கர்களில் ஒருவரான அல்-வஜீஹ் அல்-வாஸிதீயிடம் அனுப்பி வைத்தார். அல்-வஜீஹ் கண் பார்வை இல்லாதவர். அவர் சிறுவனை இரு கரம் நீட்டி வரவேற்றார். காலை முதல் மாலை வரை பொறுமையோடு சொல்லிக் கொடுத்தார். பள்ளிவாசலில் பாடம் நடத்தும்போது எல்லா விளக்கங்களையும் இந்தச் சிறுவனை நோக்கியே கூறுவார். வீடு திரும்பும் வழியிலும் பாடம் தொடரும். பின்னர் தம் ஆசானிடம் தாம் பாடம் கேட்கச் செல்லும்போது சிறுவனையும் உடன் அழைத்துச் செல்வார். பிற்காலத்தில் கண்ணால் கண்டதையே சான்றாகக் கொள்ள வேண்டும் என்று நின்ற ஓர் அறிஞரை உருவாக்கியவர் கண்ணிழந்த ஓர் உஸ்தாத் என்பதை எண்ணுந்தோறும் நமக்கு வியப்பு மேலிடுகிறது.

இலக்கணம், ஃபிக்ஹ், ஹதீஸ் ஆகியவற்றில் தேறிய பின் அவர் மருத்துவத்தின் பக்கமும் தத்துவத்தின் பக்கமும் திரும்பினார். மேற்கிலிருந்து வந்த ஒரு நாடோடி அறிஞரின் பேச்சில் மயங்கி, ஈயத்தைப் பொன்னாக்கும் ரசவாதக் கலையிலும் இளமையில் சிறிது காலம் ஈடுபட்டார். பின்னர் அது வெறும் மாயை என்று தெளிந்து, அதன் கடும் எதிரியாக மாறினார். இப்னு ஸீனாவின் நூல்களையும் ஆழ்ந்து கற்றுப் பின்னர் அவற்றிலிருந்தும் விலகி, பண்டைய கிரேக்கரின் மூல நூல்களை நாடினார். சமகாலத்தவர்களையும் முன்னோர்களையும் சற்று மிகையாகவே குறை கூறுபவர் என்றும், தம்மைப் பற்றி உயர்வாக எண்ணுபவர் என்றும் அவரைப் பற்றி ஒரு விமரிசனம் உண்டு. மருத்துவர்களின் வரலாற்றைத் தொகுத்த இப்னு அபீ உஸைபிஆ இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். அவருடைய பாட்டனார் இவருக்கு நண்பர். குடும்பத்தினர் இவரிடம் பாடம் கேட்டவர்கள். வேண்டியவர் குறையையும் சேர்த்து எழுதுவது அக்கால வரலாற்றாசிரியர்களின் நேர்மை.

ஹிஜ்ரி 585இல் (கி.பி. 1189) பக்தாதை விட்டுப் புறப்பட்டார். மோஸுலில் ஓராண்டு, பின்னர் டமாஸ்கஸ். அக்காலம் சிலுவைப் போர்க்காலம். அக்கா நகரின் முன்னே சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி அவர்களின் படை பாசறை அமைத்திருந்தது. அங்கு சென்ற இவரைச் சுல்தானின் அமைச்சர் அல்-காழீ அல்-ஃபாழில் வரவேற்று, கெய்ரோவுக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுத்து அனுப்பினார். மெலிந்த உடல் கொண்ட அந்த அமைச்சர், தாம் எழுதிக்கொண்டே இருவருக்கு வெவ்வேறு கடிதங்களைச் சொல்லி எழுதவைக்கும் ஆற்றல் பெற்றவராக இருந்ததை இவர் வியந்து பதிவு செய்திருக்கிறார். கெய்ரோவில், யூத மருத்துவ மேதை மூஸா இப்னு மைமூன் உட்பட அவர் காண விரும்பிய அறிஞர்களைக் கண்டார். 1192இல் போர் நிறுத்த உடன்பாடு ஏற்பட்டதும் பைத்துல் முகத்தஸ் சென்று சுல்தானையே சந்தித்தார். நகரின் மதிலைக் கட்டவும் அகழி தோண்டவும் சுல்தான் தாமே கல் சுமந்துகொண்டிருந்த நாட்கள் அவை. மாதம் 30 தீனார் உதவித்தொகை இவருக்கு ஏற்பாடாயிற்று. சுல்தானின் மக்கள் அளித்ததும் சேர்ந்து பின்னாளில் அது 100 தீனாராக உயர்ந்தது. 1193இல் சுல்தான் மறைந்தபோது மக்கள் அழுததைப்போல் வேறெந்த மன்னருக்கும் அழக் கண்டதில்லை என்பது இவர் விட்டுச் சென்ற சாட்சியம்.

அதன் பின் சுல்தானின் மகன் அல்-அஸீஸோடு மிஸ்ர் நாடு சேர்ந்து, அல்-அஸ்ஹர் பள்ளிவாசலில் ஆசிரியப் பணி ஏற்றார். அக்காலத்தில் அல்-அஸ்ஹரில் ஜும்ஆ தொழுகை நிறுத்தப்பட்டிருந்தது என்பதும், 1266இல்தான் மீண்டும் தொடங்கியது என்பதும் நம்மில் பலர் அறியாத செய்தி. ஆயினும் பாடங்கள் நின்றுவிடவில்லை. காலையில் அல்-அஸ்ஹரில் ஒரு பிரிவு மாணவர்களுக்குப் பாடம். நண்பகலில் மருத்துவ மாணவர்கள் வருவார்கள். மாலையில் மீண்டும் அல்-அஸ்ஹரில் மற்றொரு பிரிவு. இரவு தமது சொந்தப் படிப்புக்கு. அந்த நண்பகல் மாணவர்களே நம் கதையில் முக்கியமானவர்கள்.

மருத்துவம் கற்போர் அன்று முதலில் படித்தவை ஜாலீனூஸின் நூல்கள். ஐரோப்பியர் கேலன் என்று அழைக்கும் இவர், கி.பி. 129இல் பெர்காமம் நகரில் பிறந்த கிரேக்க மருத்துவர்; ரோமாபுரிச் சக்கரவர்த்திகளுக்கு வைத்தியம் பார்த்தவர். நரம்பு, நாடி, எலும்பு என்று உடலின் ஒவ்வொரு பகுதியைப் பற்றியும் நுணுக்கமாக எழுதியவர். அவர் எழுதியதே முடிவு என்று கிறிஸ்தவர், யூதர், முஸ்லிம் அனைவரும் ஆயிரம் ஆண்டுகள் கொண்டாடினர். அப்துல் லத்தீஃபும் அவரை மிக உயர்வாக மதித்தவரே. ஆனால் எலும்புகளைப் பற்றிய பாடத்தை நூலைக் கொண்டு நடத்தும்போது மாணவர்களுக்கு விளங்கவில்லை. ஒரு மூட்டு எப்படிப் பொருந்துகிறது என்பதைப் பத்துப் பக்கம் எழுதினாலும், அதைக் கையில் எடுத்துப் பார்க்கும் ஒரு நொடிக்கு ஈடாகாது. மிதிவண்டியை ஒருபோதும் பார்க்காதவனுக்கு அதன் சங்கிலி சுழலும் விதத்தைச் சொல்லால் விளக்க முற்பட்டால் நமக்கும் இதே இடர்ப்பாடு நேரும்.

இந்நிலையில்தான் மிஸ்ர் நாட்டை அந்தப் பெரும் பஞ்சம் தாக்கியது. மழை அருகிய அந்நாட்டின் வாழ்வு நைல் நதியின் ஆண்டு வெள்ளத்தை நம்பியது. வெள்ளத்தின் உயரத்தை அளக்க ரவ்ழா தீவில் அளவுக் கோடுகள் பொறித்த தூண் ஒன்று இருந்தது; இன்றும் இருக்கிறது. நீர் 16 முழம் ஏறினால் வயல்கள் நனையும், நாடு பிழைக்கும். 1200ஆம் ஆண்டில் அது 12 முழமும் 21 விரலும் மட்டுமே ஏறிப் பின் வடிந்துவிட்டது. மறு ஆண்டும் 16 முழத்தை எட்டவில்லை. விதை நெல் இல்லை, உழுமாடு இல்லை, உழுபவனும் இல்லை. ஊர் ஊராக மக்கள் சிரியாவுக்கும் மக்ரிபுக்கும் ஹிஜாஸுக்கும் யமனுக்கும் புறப்பட்டனர். சிரியா செல்லும் பாதை நெடுகிலும் பிணங்கள் கிடந்தன. எஞ்சியோர் எதை எதை உண்டார்கள் என்பதை அப்துல் லத்தீஃப் ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார். அதைப் பிள்ளைகளும் படிக்கும் இம்மலரில் நாம் எடுத்தெழுதப் போவதில்லை. கஃபனிட்டு அடக்கம் செய்து அரசாங்க ஏட்டில் பதியப்பட்டோர் மட்டும் 22 மாதங்களில் ஏறத்தாழ 1,11,000 பேர் என்று அவர் கணக்குத் தருகிறார். பதியப்படாதோர் அதனினும் பன்மடங்கு.

ஓடிப்போக வசதியும் அரசவைத் தொடர்பும் உடையவராய் இருந்தும், அவர் பஞ்சம் முடியும் வரை அங்கேயே இருந்தார். மருத்துவராகவும் ஆசிரியராகவும் இருந்தார். கண்டதைக் குறித்துக்கொண்டும் இருந்தார். பேரழிவின் நடுவில் நின்று, மிகைப்படுத்தாமலும் குறைத்துச் சொல்லாமலும் எழுதுவது எளிய காரியம் அன்று.

கெய்ரோவின் மேற்கே நைல் கரையில் அல்-மக்ஸ் என்னும் இடம் இருந்தது. நதி பின்னர் மேற்கே ஒதுங்கிவிட்டது. இன்றைய ரம்ஸீஸ் இரயில் நிலையத்தை ஒட்டிய பகுதி அது. அங்கே ஒரு மேட்டில் அடக்கம் செய்ய ஆளின்றி விடப்பட்ட உடல்கள் மலைபோல் குவிந்து கிடப்பதாக ஒருவர் தெரிவித்தார். அப்துல் லத்தீஃப் தம் மாணவர்களை அழைத்துக்கொண்டு சென்றார். மண்ணைவிட மனித எலும்புகளே மிகுதியாக இருந்தன என்று எண்ணும்படியான காட்சி. கண்ணுக்குத் தெரிந்தவை மட்டும் 20,000க்கும் மேல் என மதிப்பிட்டனர்.

இங்கே நாம் ஒன்றைக் கூறியாக வேண்டும். மய்யித்தின் கண்ணியம் நம் மார்க்கத்தில் எத்தகையது என்பது ஜமாஅத்தார் அறிந்ததே. அவர்கள் எவருடைய கப்றையும் தோண்டி எடுத்து அந்தக் குவியலை உண்டாக்கவில்லை, கத்தியும் எடுக்கவில்லை. பஞ்சம் வெட்டவெளியில் எறிந்துவிட்டுப் போனவற்றை, சதை நீங்கிய எலும்புகளை, உருவம், பொருத்துவாய், அளவு என்று உற்றுப் பார்த்தார்கள். பார்த்தவர் கல் நெஞ்சரும் அல்லர். இறந்தோரின் துயரை வேறு எவரும் எழுதாத அளவுக்கு எழுதி வைத்தவரும் அவரே. அந்த மேட்டில் கிடந்தோரின் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை. பின்வந்த தலைமுறைகள் மருத்துவம் கற்க அவர்கள் உதவினார்கள் என்பது மட்டும் ஏட்டில் நிலைத்துவிட்டது.

அங்கே அவர் கண்டது என்ன? பிள்ளைகளே, உங்கள் விரல்களைக் காதுக்குச் சற்று முன்னே வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். விரலுக்கு அடியில் ஏதோ நகர்கிறதல்லவா? அதுதான் கீழ்த்தாடை மண்டையோட்டோடு சேரும் மூட்டு. முகத்திலும் தலையிலும் நாம் தொட்டறியக் கூடிய எலும்புகளில் அசையக் கூடியது இக்கீழ்த்தாடை ஒன்றே. இப்போது ஒரு காதின் கீழிருந்து தாடையோரமாகத் தடவிக்கொண்டு மோவாய் வழியாக மறு காது வரை வாருங்கள். குதிரை லாடம் போன்ற வடிவம் தெரியும். கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது. அவை மோவாயின் நடுவில் உறுதியாகப் பொருந்தியிருக்கின்றன. இதுவே ஜாலீனூஸின் கூற்று. அவருக்குப் பின்வந்த அனைவரும் அதையே எழுதினர்.

அப்துல் லத்தீஃப் ஒரு தாடையை எடுத்துப் பார்த்தார். நடுவில் மூட்டும் இல்லை, தையல் போன்ற கோடும் இல்லை. மற்றொன்றை எடுத்தார்; அதுவும் அப்படியே. ஒன்றிரண்டைக் கொண்டு முடிவு கட்டவில்லை. 2,000க்கும் மேற்பட்ட மண்டையோடுகளில் சோதித்தார். தம் கண் தம்மை ஏமாற்றலாம் அல்லவா? ஆகவே பிறரையும் பார்க்கச் சொன்னார். தாம் உடன் இருக்கும்போதும் பார்க்கச் சொன்னார், தாம் இல்லாதபோதும் பார்க்கச் சொன்னார். எல்லோர் சொல்லும் ஒன்றாகவே இருந்தது. அப்போதும் அவருக்கு ஓர் ஐயம். புதிய எலும்புகளில் மறைந்திருக்கும் இணைப்பு, காலம் செல்லச் செல்லப் பிரிந்து வெளிப்படக் கூடுமோ? எனவே பூஸீர் என்னும் ஊரின் பழங்காலக் கல்லறைகளுக்குச் சென்று, மிகப் பழைய எலும்புகளையும் பார்த்தார். அவற்றிலும் தாடை ஒரே எலும்புதான். அதன் பிறகே எழுதினார்: கீழ்த்தாடை ஒன்றே. ஜாலீனூஸ் ஆராய்ச்சியிலும் எச்சரிக்கையிலும் மிக உயர்ந்த நிலையில் இருந்தவர்தாம். ஆயினும் புலன்கள் தரும் சான்று அவர் சொல்லைவிட வலிமையானது என்பது அவர் எடுத்த நிலை.

இன்றைய அறிவியல் ஆய்வு நெறியில் கற்பிக்கப்படும் ஏறக்குறைய அனைத்தும் இந்தச் சில நாள் உழைப்பில் அடங்கியிருப்பதைக் காண்கிறோம். போதிய எண்ணிக்கை, பிறர் சரிபார்த்தல், மாற்று விளக்கத்துக்கு இடமளித்துச் சோதித்தல் ஆகிய மூன்றும் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே, சொல்லிக் கொடுக்க ஆளின்றி, பஞ்சத்தின் நடுவில் செய்யப்பட்டவை.

சரி, அத்தனை பெரிய ஜாலீனூஸ் எங்கே தவறினார்? இதற்கு விடை நம் குர்பானி ஆட்டிடமே இருக்கிறது. தலைக்கறி வெட்டுவோரைக் கேட்டுப் பாருங்கள். ஆட்டின் கீழ்த்தாடை முன்பக்கம் நடுவில் இலகுவாக இரண்டாகப் பிளந்து வரும் என்பார்கள். ஆடு, மாடு, நாய் முதலியவற்றில் தாடையின் இரு பாதிகளும் ஆயுள் முழுதும் ஒன்றாக உருகிச் சேர்வதில்லை. ரோமாபுரியில் மனித உடலை அறுத்து ஆராய வழக்கம் இடம் தரவில்லை. குரங்கு, பன்றி, மாடு போன்ற விலங்குகளை அறுத்தே ஜாலீனூஸ் பெரும்பாலும் கற்றார். விலங்கில் கண்டதை மனிதனுக்கும் பொருத்தி எழுதியதால் நேர்ந்த பிழைகள் அவர் நூல்களில் வேறு சிலவும் உண்டு. மனித எலும்புகளை நேரில் பார்க்க வேண்டுமாயின் மிஸ்ர் நாட்டு அலெக்ஸாந்திரியாவுக்குச் செல்லுங்கள் என்று தம் வாசகர்களுக்கு அவரே அறிவுரை கூறியிருந்தார் என்பது சுவையான செய்தி. ஆயிரம் ஆண்டு கழித்து, அதே மிஸ்ர் நாட்டில், அவருடைய மாணாக்கருக்கு மாணாக்கரான ஒருவர் அந்த அறிவுரையைச் செயல்படுத்தினார் என்றே கொள்ளலாம்.

முழு உண்மையையும் சொல்லிவிடுவோம். தாயின் வயிற்றிலிருந்து வெளிவரும் குழந்தைக்குக் கீழ்த்தாடை இரண்டு பாதிகளாகவே இருக்கிறது. நடுவில் மென்மையான குருத்தெலும்பு பிணைத்திருக்கும். முதல் பிறந்த நாளை ஒட்டி அவை ஒன்றாகிவிடுகின்றன. பச்சிளம் குழந்தையின் உடலில் ஏறத்தாழ 300 எலும்புப் பகுதிகள் உள்ளன, வளர்ந்தவருக்கு 206. காணாமற்போனவை எங்கே? எங்கும் போகவில்லை, ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன. குழந்தையின் உச்சந்தலையில் துடிக்கும் உச்சிக்குழியைத் தாய்மார்கள் அறிவார்கள். மண்டையோட்டின் தகடுகள் இன்னும் நெருங்கி வந்து சேராத இடம் அது. கை கால்களின் நீண்ட எலும்புகளில், முனைகளுக்கு அருகே குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு இருக்கிறது. அது எலும்பாக மாறி மூடிக்கொள்ளும் வரைதான் நாம் உயரமாக வளர முடியும். எந்த எலும்பு எந்த வயதில் சேரும் என்னும் கணக்கைக் கொண்டே, ஓர் எலும்புக்கூட்டைப் பார்த்து அதற்குரியவரின் வயதை நிபுணர்கள் இன்று மதிப்பிடுகிறார்கள்.

எலும்பு உயிரற்ற கல் என்று எண்ணிவிட வேண்டாம். அதற்குள் இரத்தம் ஓடுகிறது. அதன் மச்சையில்தான் இரத்த அணுக்களே உருவாகின்றன. கால்சியம் சேர்ந்த உப்பு அதற்குக் கடினத்தையும், கொலாஜன் என்னும் புரதநார் அதற்கு வளைந்து கொடுக்கும் தன்மையையும் தருகின்றன. ஐயமுள்ள பிள்ளைகள் நன்கு சுத்தம் செய்த கோழிக் கால் எலும்பு ஒன்றை வினிகரில் சில நாட்கள் ஊறவைத்துப் பார்க்கலாம். வினிகர் அந்த உப்பைக் கரைத்துவிடும்; எலும்பு ரப்பரைப்போல் வளையும். உம்மாவிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, சமையல் பாத்திரத்தில் அல்லாமல் வேறு குப்பியில் செய்க.

அப்துல் லத்தீஃப் ஆராய்ந்த மற்றொரு பகுதி முதுகெலும்பின் அடிப்பாகம். இடுப்பின் பின்னே உள்ள திரிக எலும்பும் அதன் நுனியிலுள்ள வாலெலும்பும் சேர்ந்து ஆறு எலும்புகள் என்பது ஜாலீனூஸின் கணக்கு. இவர் பார்த்தபோது சிலவற்றில் அது ஒரே எலும்பாகத் தென்பட்டது. மற்றவற்றிலோ ஜாலீனூஸ் சொன்னபடியே ஆறாக இருந்தது. வேறொருவராயின் தாடையில் பெற்ற வெற்றியின் வேகத்தில் இதிலும் ஜாலீனூஸ் தவறினார் என்று முழங்கியிருப்பார். இவரோ, தாடையைப் பற்றி உறுதியாக இருப்பதைப்போல் இதில் தாம் உறுதியாக இல்லை என்று எழுதிவிட்டார். தாடையைப் பற்றிய கண்டுபிடிப்பைவிட இந்த ஒரு வரியே நம்மை மிகவும் கவர்கிறது. அவர் தயங்கியதற்குக் காரணம் இருக்கத்தான் செய்தது. திரிக எலும்பு ஐந்து முள்ளெலும்புகளாகத் தோன்றி, பருவ வயதில் தொடங்கி இருபதுகளின் நடுப்பகுதி வரை சிறுகச் சிறுக ஒன்றாகிறது. வாலெலும்பும் சிலருக்குத் திரிகத்தோடு ஒட்டிக்கொள்வதுண்டு. அந்த மேட்டில் எல்லா வயதினரும் கிடந்தனர். ஆகவே கணக்கு மாறி மாறித் தெரிந்தது.

1202ஆம் ஆண்டு மே மாதத்தில், பஞ்சத்தின் காயம் ஆறுமுன்னே, மிஸ்ரையும் சிரியாவையும் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. அதையும் கண்டு எழுதினார். மிஸ்ர் நாட்டைப் பற்றித் தாம் எழுதிய பெரிய நூலிலிருந்து, தம் கண்ணால் கண்டவற்றை மட்டும் பிரித்தெடுத்து ஹிஜ்ரி 600இல் ஒரு சிறு நூலாக அமைத்தார். அல்-இஃபாதா வல்-இஃதிபார் என்று தொடங்கும் அதன் நீண்ட பெயரிலேயே நேரில் கண்டவை என்னும் பொருளும் அடங்கியிருக்கிறது. எலும்பு ஆராய்ச்சி அதில் ஒரு சிறு பகுதியே. வாழை மரம், சேப்பங்கிழங்கு, கோழி முட்டைகளை ஆயிரக்கணக்கில் சூட்டடுப்பில் வைத்துப் பொரிக்கும் முறை, பிரமிடுகள், ஸ்ஃபிங்ஸ் சிலையின் முக அழகு ஆகியவற்றையெல்லாம் அதில் காணலாம். அவருடைய புரவலரான அல்-அஸீஸ், சிலரின் பேச்சைக் கேட்டு 1196இல் மூன்றாவது பிரமிடை இடிக்க ஆள் அனுப்பினார். எட்டு மாதம் உழைத்தும் ஒரு பக்கத்தில் வடு உண்டாக்கியதைத் தவிர எதுவும் ஆகவில்லை. பண்டைய சின்னங்களை அழிப்பது அறியாமை என்று வருந்தி, அந்த வீண் வேலையையும் அவர் எழுதி வைத்தார்.

பின்னர் அவர் பைத்துல் முகத்தஸ் சென்று மஸ்ஜிதுல் அக்ஸாவில் பாடம் நடத்தினார். டமாஸ்கஸின் அஸீஸிய்யா மதரஸாவிலும், ஹலபிலும், அனத்தோலியாவின் எர்ஸின்ஜான் அரசவையிலும் ஆண்டுகள் கழிந்தன. நீரிழிவு நோயைப் பற்றித் தனியே ஒரு நூலும் எழுதினார். இக்கால நம் ஊரில் அதற்குத்தான் வாசகர் மிகுதியாக இருப்பார்கள். ஆசிரியர் இன்றி நூலை மட்டும் நம்பி எந்தக் கலையையும் கற்காதீர்கள் என்பது மாணவர்களுக்கு அவர் வழங்கிய அறிவுரைகளில் ஒன்று. முதிய வயதில் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு, வழியில் தம் பிறந்த ஊரைக் காண பக்தாத் வந்தார். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிரிந்திருந்த ஊர். அங்கே நோயுற்று, ஹிஜ்ரி 629 முஹர்ரம் மாதத்தில், கி.பி. 1231 நவம்பரில் வஃபாத்தானார்கள். தந்தையாரின் கப்றுக்கு அருகில் நல்லடக்கம் செய்யப்பட்டார்கள்.

அவருடைய கண்டுபிடிப்பு உடனே உலகெங்கும் பரவிவிட்டது என்று பெருமைக்காகச் சொல்வது முறையாகாது. ஐரோப்பாவில் 1543இல் வெஸாலியஸ் என்னும் மருத்துவர் தமது பெருநூலில் தாடை ஒரே எலும்பு என்று எழுதியபோது, மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே கெய்ரோவில் ஒருவர் அதைக் கண்டறிந்திருந்தது அங்கே எவருக்கும் தெரியாது. ஹலபில் சில ஆண்டுகள் பணியாற்றிய எட்வர்ட் பொகாக் என்னும் ஆங்கில அறிஞர் வழியாக 17ஆம் நூற்றாண்டில்தான் அந்நூலின் பிரதி இங்கிலாந்து சேர்ந்தது. 1800இல் இலத்தீனிலும், 1810இல் ஸில்வெஸ்டர் தெ ஸாஸியின் விரிவான குறிப்புகளோடு பிரெஞ்சிலும் மொழிபெயர்ப்புகள் அச்சாயின. அரபு மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்ந்த புதிய பதிப்பு 2021இல் வெளிவந்தது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் போட்லியன் நூலகத்தில் இன்று பாதுகாக்கப்படும் அந்தப் பிரதி, அப்துல் லத்தீஃப் அல்-பக்தாதி அவர்கள் தம் கைப்பட எழுதியது.